ஜீரோ மாப்பிள்ளை

என் தங்கச்சி புருஷனை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் அவனைப் பற்றி நல்லதாக ஏதாவது சொல்லித் தொலைத்தால், வாய் தவறி வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஷெட்டில் அவனுக்கு ஜீரோ என்று பெயர். வைத்தது நான்தான். எங்கள் ஷெட்டில் மின்சாரக் கார்கள் மட்டும்தான் பழுது பார்ப்போம். நான் சூப்பர்வைசர், அவன் பெரிய பேட்டரி வேலை பார்க்கிற மெக்கானிக். தங்கச்சி அழுதாள் என்று வேலை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். அன்றைக்கு என் புத்தி எந்தப் புல்லை மேய்ந்துகொண்டிருந்ததோ தெரியவில்லை.

ஒரு காரைத் தொடுவதற்கு முன்னால் அவன் செய்கிற சடங்கைப் பார்த்தால் உங்களுக்கே பற்றிக்கொண்டு வரும். முதலில் சாவியைக் கொண்டுபோய் ஷெட்டின் அந்தக் கோடியில் இருக்கும் தகர டப்பாவில் போட்டு மூடுவான். இந்தக் கார்களுக்குச் சாவி பக்கத்தில் இருந்தாலே போதும், ஒரு பொத்தானைத் தொட்டால் உயிர் வந்துவிடும். அடுத்து டிக்கியைத் திறந்து, அடியில் இருக்கும் சின்ன பேட்டரியின் வயரைக் கழற்றுவான். பிறகு ரப்பர் கையுறையை உருட்டிக் காற்றடைத்து, கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்து ஊசி ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பான். அதைப் போட்டுக்கொண்டு பின் சீட்டைத் தூக்கி, உள்ளங்கை அகலத்துக்கு இருக்கும் ஆரஞ்சு பிளக்கைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போடுவான். பெரிய பேட்டரியின் தொடர்பை நடுவில் அறுப்பது அந்தப் பிளக்தான். ஸ்டியரிங்கில் "தொடாதே" என்று ஒரு அட்டையை மாட்டுவான்.

அப்புறம் பத்து நிமிடம் சும்மா உட்காருவான். பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ளே கொஞ்சம் கரண்ட் தங்கியிருக்குமாம், அது வடிய வேண்டுமாம். கஸ்டமர் தலையில் அடித்துக்கொண்டு நிற்பார், இவன் ஸ்டூலில் உட்கார்ந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். பத்து நிமிடம் ஆனதும் மீட்டரை எடுத்து முதலில் வேறொரு நல்ல பேட்டரியில் வைத்து, மீட்டர் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பான். அடுத்து பானெட்டுக்குள், அளப்பதற்கென்றே இருக்கும் ரப்பர் மூடியைத் திறந்து ஆரஞ்சு கம்பியின் முனையில் வைப்பான். மறுபடியும் அந்த நல்ல பேட்டரி. நடுவில் மீட்டர் மண்டையைப் போட்டிருந்தால்? அதற்காகத்தான். இத்தனையும் முடிந்த பிறகு, கோயில் மணி அடித்த மாதிரி, "ஜீரோ" என்பான். அதற்கப்புறம்தான் கையுறையைக் கழற்றுவான்.

வந்த முதல் வாரமே என்னை எல்லார் முன்னாலும் திருத்தினான். "மாப்பிள்ளை, வண்டி ஆஃப்ல தான் இருக்கு, தொடுங்க" என்றேன். வயதில் சின்னவன்தான், ஆனாலும் மாப்பிள்ளை ஆயிற்றே, வாங்க போங்க என்றுதான் பேச வேண்டும், தலையெழுத்து. அவன் பதிலுக்கு என்னை மச்சான் என்று அல்லவா கூப்பிட வேண்டும்? கூப்பிட மாட்டான். ஷெட்டில் சார். வீட்டில் அதுவும் கிடையாது, மொட்டையாகப் பேசுவான்.

"ஆஃப்னு சொல்லாதீங்க சார். ஆஃப்ங்கிறது வாய் சொல்றது. ஜீரோங்கிறது மீட்டர் சொல்றது."

பெயின்ட் அடிக்கிறவர் கெக்கெக்கே என்று சிரித்தார். அன்று வைத்த பெயர்தான் ஜீரோ. அவன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். படவில்லை. அதுவும் எனக்கு எரிந்தது.

அவனுடைய இடது கை மோதிர விரல் மடங்காது. பத்தொன்பது வயதில் மோட்டார் காயில் கட்டுகிற இடத்தில் வேலை பார்த்தானாம். யாரோ "ஆஃப் பண்ணிட்டேன்" என்று சொல்ல, இவன் நம்பிக் கையை வைத்தானாம். சொன்னவன் பக்கத்து மிஷினை ஆஃப் செய்திருக்கிறான். இதைத் தங்கச்சிதான் எனக்குச் சொன்னாள். கல்யாணத்தில் அவள் ஆசையாகப் போட்ட மோதிரத்தை மறுநாளே கழற்றி அலமாரியில் வைத்துவிட்டான். கையிலோ கழுத்திலோ உலோகம் எதையும் போட்டுக்கொள்ள மாட்டானாம். அவள் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போதே இவன்மேல் மனசு கசந்துவிட்டது.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

ஏசி கம்ப்ரஸர் மாற்ற வந்த ஒரு வெள்ளைக் கார் அவனிடம் இருந்தது. அதுவும் பெரிய பேட்டரி கரண்டில் ஓடுகிறதுதான். காலையிலேயே எனக்கும் அவனுக்கும் வாய்த்தகராறு. "இப்படி ஒவ்வொரு வண்டிக்கும் ஆரத்தி எடுத்துட்டிருந்தா ஷெட்டை இழுத்து மூட வேண்டியதுதான்" என்றேன். "அவசரம்னா நீங்களே தொடுங்க சார்" என்றான். நாலு பேர் முன்னால். சுரீர் என்றது. அவன் பாட்டுக்கு சடங்கை முடித்து, ஜீரோ பார்த்து, கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு, பக்கத்துத் தெருவில் இருக்கும் வீட்டுக்குச் சாப்பிடப் போனான்.

மற்றவர்களும் சாப்பாட்டுக்குக் கலைந்தார்கள். அவர்கள் போன கையோடு ஒரு கான்ட்ராக்டர் வந்து குதித்தார். அவருடைய வேன் வெள்ளைக் காருக்குப் பின்னால் நின்றது, வேனுக்குப் பின்னால் சுவர். கார் நகர்ந்தால்தான் வேன் வெளியே வரும். சின்ன பேட்டரி வயர் கழன்ற காரைத் தள்ளவும் முடியாது, சக்கரம் பூட்டிக்கொண்டிருக்கும். மாப்பிள்ளைக்கு ஒரு போன் போட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் வந்திருப்பான். "கொஞ்சம் வாங்க" என்று அவனிடம் கெஞ்சுவதா? நான் போடவில்லை.

என் மேஜை டிராயரில் அதே மாடல் பிளக் ஒன்று கிடந்தது. விபத்தில் நொறுங்கி வந்த காரிலிருந்து எடுத்து வைத்தது. சாவியைத் தகர டப்பாவிலிருந்து எடுத்தேன். என் பிளக்கைச் சொருகினேன், வயரை மாட்டினேன், அட்டையைக் கழற்றினேன், காரை வெளியே எடுத்தேன். வேன் வந்தது. காரைப் பழைய இடத்திலேயே ஒரு சாண் மாறாமல் நிறுத்தினேன். சீட்டை அமுக்கி, டிக்கியை மூடி, அந்த அட்டையை மறுபடியும் ஸ்டியரிங்கில் மாட்டினேன். அவனுக்குத் தெரியக் கூடாதே. பிளக்கை அப்புறம் பிடுங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதற்குள் கான்ட்ராக்டர் கையெழுத்துப் போட வேண்டும் என்று கத்த, ஆபீஸுக்கு ஓடினேன்.

காரை அணைக்கவில்லை. பெட்ரோல் வண்டி என்றால் உறுமும். இந்தச் சனியனுக்கு வாயே கிடையாது. ஓடுகிறதா நிற்கிறதா என்று காட்டுகிற விளக்கையும் நான் மாட்டிய அட்டை மறைத்துக்கொண்டிருந்தது.

கான்ட்ராக்டர் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தபோது கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மாப்பிள்ளை வந்துவிட்டான். பானெட்டைத் தூக்கிக்கொண்டிருந்தான். வெறுங்கை. எனக்குத் தொடையில் ஏதோ குத்தியது. தொட்டுப் பார்த்தேன், கார் சாவி.

கத்தியிருக்க வேண்டும். பதினைந்து அடி தூரம்தான். ஆனால் கத்தினால் ஷெட்டில் எல்லாருக்கும் தெரிந்துவிடுமே என்று ஒரு நொடி யோசித்தேன். என் தங்கச்சியின் புருஷன் கையை நீட்டிக்கொண்டிருக்கிறான், நான் என் மானத்தை யோசித்தேன். அந்த ஒரு நொடியை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நீண்ட கை, பக்கத்து ஸ்டூலில் கழற்றி வைத்திருந்த கையுறையை எடுத்தது.

"யோவ் ஜீரோ, காலைலயே பாத்தாச்சேய்யா!" பெயின்ட் அடிக்கிறவரின் குரல்.

"நான் இல்லாதப்ப வண்டி என்ன பண்ணுச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவன் கையுறையை உருட்டினான், காற்றடைத்தான், கன்னத்தில் வைத்தான். நல்ல பேட்டரியில் மீட்டரை வைத்துப் பார்த்தான். எத்தனையோ நாள் அந்தக் கூத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்திருக்கிறேன். அன்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். ரப்பர் மூடியைத் திறந்து முனையில் வைத்தான்.

ஜீரோ என்று சொல்லவில்லை. மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றான். மெதுவாகக் கையை எடுத்து, மூடியை மூடி, நேராக ஆபீஸுக்கு வந்தான். கான்ட்ராக்டர் போகும்வரை ஓரமாக நின்றான். பிறகு தன் சட்டைப் பையிலிருந்து ஆரஞ்சு பிளக்கை எடுத்து என் மேஜைமேல் வைத்தான்.

"என் பிளக் இங்க இருக்கு சார். அங்க இருக்கறது யாரோடது?"

டிராயர் திறந்தபடியே கிடந்தது. அவன் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"முந்நூத்தி எழுபத்தொண்ணு வோல்ட் காட்டுது" என்றான். "சாவியைக் குடுங்க."

கொடுத்தேன். வெளியே போய்க் காரை அணைத்தான், சாவியை டப்பாவில் போட்டான், வயரைக் கழற்றினான், இரண்டாவது பிளக்கையும் பிடுங்கினான். பத்து நிமிடம் ஸ்டூலில் உட்கார்ந்தான். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதலாளியிடம் போட்டுக்கொடுப்பான், என் வேலைக்கு உலை வைப்பான் என்று சாயங்காலம்வரை காத்திருந்தேன். அதுவும் இல்லை. மறுநாளிலிருந்து பிளக் இருந்த ஓட்டைக்குமேல் ஒரு மூடியைப் போட்டுப் பூட்ட ஆரம்பித்தான். அதற்கு ஒரே சாவி. அது அவன் பையில்.

ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி சாப்பிடக் கூப்பிட்டாள். போகாமல் இருந்தால் ஏன் என்று குடைவாள். போனேன். வழியில் எனக்கு ஒரே கேள்விதான், அவளிடம் சொல்லியிருப்பானா? கதவைத் திறந்தவள் சிரித்த முகமாக இருந்தாள். சொல்லவில்லை.

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பரிமாறினாள். பாதிச் சாப்பாட்டில் அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, ஷெட்ல அண்ணன் பேச்சைக் கேக்கவே மாட்டேங்கிறீங்களாமே? பெயின்ட் அடிக்கிறவரு சம்சாரம் சொன்னா. பாத்ததையே ரெண்டு தடவை பாக்கறீங்களாம். ஊரே சிரிக்குது."

"சரி" என்றான், தட்டைப் பார்த்துக்கொண்டே.

அவள் கரண்டியோடு என் பக்கம் திரும்பினாள். "அந்த வேலைக்கு அனுப்பிட்டு தினமும் நான் வயித்துல நெருப்பைக் கட்டிட்டு உக்காந்திருக்கேன் அண்ணா. நீ பக்கத்துல இருக்கியேங்கிற ஒரே தைரியம்தான்."

வாயில் போட்ட சோறு அப்படியே நின்றுவிட்டது. கண்ணில் தண்ணீர் வந்தது, காரம் என்று சொன்னேன். அவன் மடங்காத விரலோடு தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினான்.

"குடிங்க மச்சான்" என்றான்.

கல்யாணம் ஆகி நாலு வருஷத்தில் அன்றுதான் முதல்முறையாக அப்படிக் கூப்பிட்டான். அவனை எனக்கு இன்றுவரை பிடிக்காது.