சத்தமே வராத வகுப்பு

நிவித்திகலப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பாடசாலையில் பகல் சாப்பாட்டைப் பெற்றோர்தான் முறைபோட்டுச் சமைக்கிறோம். என் முறை புதன்கிழமை. அன்றைக்குக் கொழுந்தெடுக்கப் போவதில்லை. மகள் படிக்கும் மூன்றாம் ஆண்டு வகுப்பு சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம். அங்கிருந்து ஒரு சின்னச் சத்தமும் வராது. கண்டிப்பான டீச்சர் என்று எனக்குப் பெருமை. இந்த மூன்று மாதத் தவணைக்கான பெற்றோர் கூட்டத்துக்கு டீச்சர் வரவில்லை. அதனால் அவருக்குரிய நன்றியைப் பாடசாலை அதிபரிடமே சொன்னேன். அவரும் தலையாட்டி வாங்கிக்கொண்டார்.

அடுத்த புதன்கிழமை சோறு சீக்கிரம் வெந்துவிட்டது. பிள்ளைகளைக் கூப்பிட நானே வகுப்புக்குப் போனேன். டீச்சரின் நாற்காலி காலி. பிள்ளைகள் எல்லாரும் வாயில் விரல் வைத்து உட்கார்ந்திருந்தார்கள்.

"டீச்சர் எங்கடி?" என்று மகளைக் கேட்டேன்.

"போன தவணையே டவுனுக்கு மாறிப் போய்ட்டாங்கம்மா. சத்தம் போட்டா அதிபர் சார் ஏசுவாரு."

"ஏன்டி வீட்டுல சொல்லல?"

"நீங்க சாப்பிட்டியான்னு மட்டுந்தானே கேப்பீங்க."

இப்போது தினமும் அவளுடைய பாடக் கொப்பியை வாங்கிப் பார்க்கிறேன். புதன்கிழமைகளில், அந்த வகுப்புக்கு அதிபர் யாரையாவது படிப்பிக்க அனுப்பும்வரை நான் அடுப்பு மூட்டுவதில்லை. ஒரு தவணை முழுக்க அசையாத அதிபர், சோறு பிந்தும் என்றதும் ஓடி வருகிறார்.