தேர் மாத்திரை

பிறத்தியார் வீட்டு நாற்காலியில் உட்காருவதை அஞ்சலாட்சி விட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. கல்யாண வீடானாலும் துக்க வீடானாலும் சுவரோரமாக நின்றுவிடுவாள். கேட்டால், "கம்பெனில உக்காந்து உக்காந்து இடுப்பு போச்சு" என்று சிரிப்பாள். தட்டாஞ்சாவடியில் அவள் பழுதான பாட்டில் மூடிகளைப் பொறுக்கும் கம்பெனியில் நாள் முழுக்க நின்றபடிதான் வேலை என்பது கேட்டவர்களுக்குத் தெரியாது.

மாதவிடாய் வந்தால் நிற்காது. அதுதான் விஷயம். சாப்பாட்டுப் பைக்குள் ஒரு மாற்றுப் பாவாடை எப்போதும் மடித்துக் கிடக்கும். வெளிர் நிறப் புடவைகளைத் தொடுவதே இல்லை. நாற்பது தாண்டினால் இப்படித்தான் போலிருக்கிறது என்று இருந்தவள், ஒருநாள் வேலையிடத்தில் தலைசுற்றி விழுந்த பிறகுதான் கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பையிலிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். கெட்ட வியாதி ஏதுமில்லை என்றார் டாக்டர்.

"இந்த ஹார்மோன் மாத்திரையை மூணு வேளையும் விடாம போடுங்க. மூணு வாரம் போட்டு நிறுத்தணும். இப்படி மூணு மாசம். அதுக்கும் கேக்கலன்னா கர்ப்பப்பையை எடுக்கறதப் பத்தி யோசிப்போம்."

கடைசி வார்த்தையைக் கேட்டு, பெரிய மருந்தாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள். ஆனால் மருந்து கைக்கு வந்ததும் அவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. கம்பெனியில் எல்லாப் பெண்களுக்கும் தெரிந்த மாத்திரை அது. ஆடியில் வீராம்பட்டினம் தேர் வரும்போது, வேண்டுதல் உள்ளவர்கள் தீட்டைத் தள்ளிப்போட வாங்கிப் போடுவது. தேர் மாத்திரை என்றே அதற்குப் பெயர். நாளைத் தள்ளிப்போடுகிற மாத்திரையையா நோய்க்குக் கொடுத்தார்கள்?

பக்கத்து மேசை கொளஞ்சி அந்த அட்டையைப் பார்த்துவிட்டாள். சுனாமிக்கு மறுவருடத்து ஆடி அது.

"யக்கா, அம்மனுக்குப் பால்குடம் எடுக்கறேன்னு வேண்டியிருக்கேன். நாளு சரியா அன்னிக்கே வருது. ஒரு அட்டை குடேன்."

"கடைல வாங்கேன்டி."

"கடைல எங் கொழுந்தனாருல்ல நிக்கிறாரு! அவர்கிட்ட போயி இன்னான்னு கேப்பேன்? நீ மருந்துக் கடையே வச்சிருக்க. எனக்கா குடுக்கற, அம்மனுக்குக் குடுக்கற."

அம்மன் பேரைச் சொன்ன பிறகு எப்படி மறுப்பது? கொளஞ்சிக்குக் கொடுத்ததைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். மிச்சத்தை அஞ்சலாட்சி இழுத்துப் பிடித்து, ஒருநாள் போட்டு ஒருநாள் விட்டாள்.

தேர் முடிந்த வாரமே உதிரம் மடை திறந்தது. முன்னைவிட மோசம்.

"எங்க நாத்தனாருக்குக் கர்ப்பப்பைய எடுத்தாங்கக்கா. ரெண்டு மாசம் குடம் தூக்கக் கூடாதுன்னுட்டாங்க" என்றாள் கொளஞ்சி, ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு. இரண்டு மாதம் வேலைக்குப் போகாவிட்டால் கம்பெனியில் அஞ்சலாட்சியின் இடத்தில் வேறொருத்தி நிற்பாள். மகள் கார்குழலிக்குக் காலேஜில் இன்னும் ஒரு வருடம் இருந்தது.

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் நாற்காலியைக் காட்டினார். "உக்காருங்க."

"பரவால்லீங்க மேடம்."

"மாத்திரை எல்லாத்தையும் போட்டீங்களா?"

கொடுத்ததைச் சொன்னால் திட்டுவார்களே. "போட்டேன் மேடம்."

"ஒண்ணு விடாம?"

"ஒண்ணு விடாம."

டாக்டர் பெருமூச்சு விட்டார். "அப்ப மருந்து உங்களுக்குக் கேக்கல. ஆபரேஷனுக்குத்தான் பாக்கணும்."

 தான் சொன்ன பொய்யே தன்னைக் கொண்டுபோய் ஆபரேஷன் மேசையில் படுக்கவைக்கப் போகிறது.

"மேடம்... நான் போடலைங்க. தேருக்குக் குடுத்துட்டேன்."

"தேருக்கா? தேர் எதுக்கும்மா மாத்திரை போடுது?"

பக்கத்தில் நின்ற நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு விஷயத்தை விளக்கினார். டாக்டருக்கும் சிரிப்பு வந்தது. பிறகு முகம் மாறியது.

"அடுத்தவங்களுக்கு எழுதின மருந்த வாங்கிப் போடலாமா? ரத்தக் குழாய்க்குள்ள ரத்தம் உறையற உடம்புக்கு இது ஆகாது. அவங்கள டாக்டரப் பாத்துக் கேக்கச் சொல்லுங்க." குரல் தணிந்தது. "கர்ப்பப்பைக்குள்ள மாசாமாசம் ஒரு மெத்தை வளருது. ஒரு ஹார்மோன் வளக்கும், இன்னொண்ணு அதக் கட்டுக்குள்ள வைக்கும். உங்களுக்கு அந்த ரெண்டாவது பத்தல. மாத்திரைல இருக்கறது அதுதான். நடுவுல விட்டா மெத்தை கண்டபடி உதிரும். அதான் ஆச்சு."

"அப்ப மருந்து தோக்கலையா மேடம்?"

"நீங்க எங்க அதைப் போட்டுப் பாத்தீங்க, தோக்கறதுக்கு? முதல்லேருந்து ஆரம்பிங்க. முடிச்ச ரெண்டு மூணு நாள்ல உதிரம் வரும். பயப்படாதீங்க, வரத்தான் வேணும். அளவா வந்து நிக்குதான்னு பாருங்க."

வெளியே வந்தவள் பஸ் நிறுத்தம் வரைக்கும் அழுதாள். ஏன் அழுகிறோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. ஆனால் நெஞ்சு லேசாகியிருந்தது.

இந்த முறை மாத்திரை யார் கண்ணிலும் படாமல் அரிசிப் பானைக்குள் போனது. முதல் சுற்று முடிந்து உதிரம் வந்தபோது திக்கென்றது. டாக்டர் சொன்னதை மனதுக்குள் சொல்லிக்கொண்டே காத்திருந்தாள். ஐந்தாம் நாள் நின்றுவிட்டது. துணியை நம்பாமல் மறுநாளும் பார்த்தாள். நின்றுதான் இருந்தது. அடுத்த இரண்டு சுற்றும் அப்படியே. "கர்ப்பப்பையை எடுக்க வேண்டாம், ஆறு மாசம் கழிச்சு வந்து காட்டுங்க" என்றார் டாக்டர்.

தை மாதம் கொளஞ்சியின் தம்பிக்குக் கல்யாணம். அஞ்சலாட்சி சந்தன நிறப் புடவை கட்டி, முதல் வரிசை வெள்ளை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாக்கா, இடுப்பு சரியாயிடுச்சா?"

"ஆயிடுச்சுடி."

"அப்ப வர்ற ஆடிக்கு..."

"அம்மன நேரா என்கிட்டயே வந்து கேக்கச் சொல்லு. நீ டாக்டரப் போயிப் பாரு."

கொளஞ்சி அவள் தோளில் ஒரு அடி வைத்துவிட்டு ஓடினாள். பந்திக்கு வரச்சொல்லி யாரோ குரல் கொடுத்தார்கள். அடுத்த பந்தியில் பார்த்துக்கொள்ளலாம் என்று அஞ்சலாட்சி உட்கார்ந்தே இருந்தாள்.