ஒரே போன் லைனில் ஏறிய சர்வர்

எல்லாம் முன்பே அமைத்து வைத்த சர்வர் மென்பொருளைப் போனில் நிறுவச் சொல்லித் தருவதில் கஷ்டம் ஒன்றே ஒன்றுதான்: எதிர்முனையில் இருப்பவரின் திரையில் என்ன தெரிகிறது என்று கண்டுபிடிப்பது. "நெக்ஸ்ட் மட்டும் அழுத்துங்க" என்று சொல்லியே தொண்டை வற்றிய தோழர்களே, இது உங்களுக்காக.

நான் பட்டுத் தறியில் இருந்தவன். கூலி உயர்வுக்குக் கொடி பிடித்தேன்; அதன்பிறகு எந்த முதலாளியும் எனக்கு நெய்யப் பாவு நூல் கொடுக்கவில்லை. துண்டறிக்கை படித்தே அரசியல் கற்றவனுக்குக் கம்ப்யூட்டர் புத்தகம் பெரிய விஷயமா? பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் சேர்ந்தேன்.

பிள்ளையார்பாளையத்து நெசவாளர் சங்கம் ஒன்று, தன் டிசைன்களை ஓரிடத்தில் சேர்த்து எல்லாப் பிரிவிலும் பார்க்க, எங்களிடம் சர்வர் சிடி வாங்கியது. அமாவாசையன்று, தறிகள் ஓயும் நாளில், பொதுக்குழு. அதற்குள் சர்வர் ஓடியாக வேண்டும். இல்லையென்றால் சங்கத்தின் புடவை டிசைன்கள் மொத்தமும் அவற்றை வைத்துக்கொள்ள முன்வந்திருக்கும் ஒரு சென்னைக் கம்பெனியின் கம்ப்யூட்டருக்குப் போய்விடும். முன்பு நான் நடத்திய முற்றுகையால் சங்கத்தின் படியேற எனக்குத் தடை. ஆகவே எல்லாம் போனில்தான்.

சம்மதிக்கிறேன்

முதல் திரையிலேயே நின்றுவிட்டார்கள். அங்கே ஒப்பந்த வாசகம் வரும். 'சம்மதிக்கிறேன்' என்பதை கிளிக் செய்தால்தான் மேலே போகும். எழுத்தர் சரோஜா மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டார். செயலாளர் ஏகாம்பரம் போனை வாங்கினார்.

"பக்கம் பக்கமா இங்கிலீஷு இருக்குதுபா. கமிட்டி கூடித் தீர்மானம் போட்டுதான் சம்மதம் சொல்லுவோம்."

"ஊரே படிக்காமத்தான் அழுத்துது, ஏகாம்பரம்!"

"படிக்காத காயிதத்துல கையெழுத்து போடாதீங்கன்னு மைக்குல கத்தினது யாரு? நீதானபா!"

வாசலில் சரோஜா

ஒப்பந்தத்தைப் போனிலேயே வரி வரியாகத் தமிழில் சொன்னேன். இத்தனை வருஷத்தில் என் பேச்சை யாரும் அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. கமிட்டி சம்மதித்தது, மிச்சத்தை சிடியே பார்த்துக்கொண்டது. டிசைன்களை ஏற்றியதும் சரோஜாவின் திரையில் புடவைகள் வரிசையாக வந்தன. விற்பனைப் பிரிவின் திரையில் மட்டும் ஒன்றுமில்லை. அமாவாசை காலை வரை தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

"நடுவுல ஏதாவது கேள்வி கேட்டுச்சாம்மா?"

"கேட்டுச்சே. இந்த சர்வரைத் தடுக்கணுமா, விடணுமான்னு."

"நீ இன்னா சொன்ன?"

"தடுக்கச் சொன்னேன். பேரு ஊரு தெரியாதவன் உள்ள வர்றேன்னா விட்டுடுவாங்களாண்ணா?"

பொதுக்குழு

மற்ற கம்ப்யூட்டர்களை சர்வரிடம் அண்டவிடாத அந்தத் தடையை நீக்கும் வழியை நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பொதுக்குழு கூடிவிட்டது. சரோஜாவின் மேஜையைச் சுற்றித்தான் கூட்டம். எல்லாம் எனக்குப் போனில் கேட்டது. சென்னைக் கம்பெனி ஆள் எழுந்து, தங்கள் கம்ப்யூட்டரைப் போன் லைன் வழியாக இணைத்து, டிசைன்கள் அதில் எப்படித் தெரியும் என்று இப்போதே காட்டுவதாகச் சொன்னார். சங்கத்தில் இருப்பது ஒரே லைன். அதில் நான் இருந்தேன்.

"மேடம், போனைக் கொஞ்சம் வைங்க."

"வெக்காதம்மா," என்றேன். "வேலை முடியல." உண்மையிலேயே முடியவில்லை.

"லைன் கிடைச்சாதாங்க காட்ட முடியும்," என்று அவர் ஏகாம்பரத்திடம் கெஞ்சிக்கொண்டிருந்தபோது சரோஜா கடைசி கிளிக்கைச் செய்தார். விற்பனைப் பிரிவிலிருந்து கூச்சல்: "வந்துடுச்சி! மாங்கா பார்டர் வந்துடுச்சி!" கைதட்டலில் என் காது அடைத்தது. எத்தனையோ மேடை ஏறியவன் நான். அப்படியொரு கைதட்டல் எனக்கு விழுந்ததில்லை. அது அடங்கியதும் சங்க உறுப்பினர் முனியம்மா கம்பெனி ஆளைக் கேட்டார்:

"உங்க லைனு கெடைச்சாதான் என் பொடவைய நான் பாக்க முடியும்னா, அது யாரு பொடவ சார்?"

டிசைன்கள் சங்கத்திலேயே இருக்கும் என்று தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. நன்றியுரையில் மைக் செட்டுக்காரர் வரைக்கும் பெயர் சொன்ன ஏகாம்பரம் என்னை மட்டும் விட்டுவிட்டார், நான் லைனில் இருந்து முழுவதையும் கேட்டேன், நம் தொழிலில் வெற்றி என்பது இப்படித்தான் இருக்கும், தோழர்களே.