கழுத்தில் இல்லாத வில்லை

கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த என் மகன், எங்கள் வீட்டு நாய்க்குக் காப்பீடு எடுத்திருந்தான். காப்பீட்டு நிபந்தனைப்படி ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும். உரிம எண் பொறித்த வில்லை எப்போதும் அதன் கழுத்தில் இருக்க வேண்டும். வில்லை இல்லாத நாய் சட்டத்தின் கண்ணில் தெருநாய்தான் என்று முகவர் சொல்லிப் போயிருந்தார்.

அது மார்கழி. திருநின்றவூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் விடியலில் பாசுரம் சேவிக்க அடியார்கள் கூடுவார்கள். பெருமாள் எழுந்தருளியிருக்கும் இடத்தில் தோல் ஆகாது என்று, நாயின் தோல்பட்டையை வில்லையோடு கழற்றிக் கிணற்றடியில் மாட்டிவிடுவாள் என் மனைவி. கோஷ்டி கலைந்ததும் திரும்பப் பூட்டுவாள். அன்று பிரசாதம் வாங்கிக்கொண்டவர்கள் வெளிக்கதவைத் திறந்துபோட்டுப் போக, நாயும் போய்விட்டது.

பால்காரர் வாசலில் நின்றார். "சாமி, ஏரிக்கரைல நாய் புடிக்கிற வண்டி நிக்குது. பில்லை இல்லாததெல்லாம் அள்ளிக்கினு இருக்கானுங்க. உங்களுதும் அந்தப் பக்கந்தான் ஓடிச்சு."

பட்டையை எடுத்துக்கொண்டு ஓடினேன். பிடிபட்டவை உயிரோடு திரும்புவதில்லை என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். ஆனையின் காலை முதலை பற்றியபோது வந்தவனை, இதற்கும் வரச்சொல்லி வழியெல்லாம் வேண்டினேன்.

கூண்டு நிறைய நாய்கள். மூலையில் எங்களுடையது நடுங்கிக்கொண்டிருந்தது.

"இன்னா பெரியவரே, பில்லை உனுக்கா, நாய்க்கா?" என்றார் பிடிப்பவர். உடனிருந்தவர் சிரித்தார்.

காரணத்தைச் சொன்னேன்.

"கைல வச்சிக்கினு எந்த நாய வேணா உன்னுதுன்னு சொல்லலாம். உன்னுதுன்னா நீயே கைய வுட்டு மாட்டு. கழுத்துல ஏறிச்சுன்னா எட்துனு போ. ஒண்ணுத்துக்கு வாயில நுரை தள்ளுது, பாத்துக்கோ."

கூண்டின் சிறுகதவு திறந்தது. தோள்வரை கையை நுழைத்தேன். ஈர மூக்கு ஒன்று முழங்கையை முகர்ந்தது. எங்கள் நாய் என்னைப் பார்த்தே உறுமியது. கொக்கி நழுவி நழுவி ஒருவழியாகத் துளையில் விழுந்தது.

நாயைத் தூக்கிக்கொண்டு வீட்டை நெருங்கும்போதுதான் முழங்கைக்குக் கீழே இரத்தம் கசிவதைக் கண்டேன். கிழித்தது கம்பியா பல்லா என்று எனக்குத் தெரியவில்லை. மனைவி சோப்புப் போட்டுக் காயத்தைக் கழுவினாள்.

திருவள்ளூர் அரசு மருத்துவமனைக்குப் பேருந்தில் ஏறினேன். பக்கத்தில் அமர்ந்தவர் மீது கை படாதபடி மடியில் வைத்துக்கொண்டேன். இப்போது வேண்டுதல் எனக்காக மட்டுமே இருந்தது.