ரோசியின் பொய்க் கர்ப்பம்

போன வெள்ளிக்கிழமை, பெரம்பலூர் கால்நடை மருத்துவமனை வாசலில் நான் துள்ளிக் குதித்தேன். பென்ஷன் வாங்குகிற வயதில் குதிக்கலாமா? குதித்தேனே!

எங்கள் வீட்டு நாய் ரோசிக்கு வயிறு உப்பி, மடியில் பால் சுரந்திருந்தது. என் பழைய செருப்பைக் குட்டி மாதிரி அணைத்துக்கொண்டு, கிட்டே போனால் உறுமியது. ஆக, கர்ப்பம். தகப்பன்? பக்கத்து வீட்டு மலர்க்கொடியின் டைகர்தான்! ரோசி பருவத்தில் இருந்தபோது அது எங்கள் மதிலில் ஏறி நின்றதை என் மனைவியே பார்த்திருக்கிறாள். சாட்சி பலமானது.

எந்தப் புகாரை எங்கே கொடுப்பது என்று எனக்கா தெரியாது? "நாய எங்கயாவது அனுப்பிடும்மா. இல்லன்னா திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மனுதான்" என்று மலர்க்கொடியிடம் சொன்னேன்.

மலர்க்கொடி பஸ் ஸ்டாண்டில் டிபன் கடை வைத்திருக்கிறார். தனி ஆள். கடை மூடி இருட்டில் திரும்பும்போது தெருமுனையிலிருந்து டைகர்தான் துணை. ஆனாலும் மனு என்றதும் பயந்து, ஜெயங்கொண்டத்தில் முந்திரித் தோப்பு வைத்திருக்கும் தம்பியை வரச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை காலை டைகரை ஏற்றிப்போகத் தம்பியின் வேன் வந்து நின்றது. நான் ரோசியோடு ஸ்கேன் எடுக்கப் போயிருந்தேன்.

"உள்ள ஒண்ணுமே இல்லீங்க சார்" என்றார் டாக்டரம்மா.

"அப்ப பால்?"

"பொய்க் கர்ப்பம். பருவம் முடிஞ்சதும் சினைப்பையில இருக்கற என்ஸைம்லாம் வேலைய ஆரம்பிச்சுடும். குட்டி இருக்கா, இல்லயான்னு அதுக்குக் கவலையே இல்ல."

விவரம் கேட்டேன். வாயைப் பிளந்தேன்! ஒரு என்ஸைம் கொலஸ்ட்ராலைக் கொஞ்சம் மாற்றித் தள்ளுகிறது. அடுத்தது இன்னும் கொஞ்சம். கடைசியில் வெளிவருவது கர்ப்ப ஹார்மோன். சுமார் இரண்டு மாதம் இந்த உற்பத்தி ஓடி, அது குறைகிற நேரத்தில் பால் ஊறிவிடுகிறது. பயனாளி இருக்கிறாரா என்று எட்டிக்கூடப் பார்க்காமல் மேசைக்கு மேசை ஃபைல் நகர்கிறது... நான் வேலை பார்த்த ஆபீஸ் ஒரு நாயின் வயிற்றுக்குள் இயங்குகிறது ஐயா!

உடனே மனைவிக்குப் போன். "வேன நிறுத்து! டைகர் நிரபராதி!"

"ஐயோ, ஏத்திட்டாங்களே... கெளம்பிடுச்சுங்க! இருங்க, ஓடுறேன்!"

போனில் மூச்சிரைப்பு. நாய்க் குரைப்பு. "ஏய் தம்பி, நில்லுப்பா!" பிறகு பிரேக் சத்தம். அப்போதுதான் குதித்தேன்.

வீடு திரும்பினால், டைகரின் சங்கிலியைப் பிடித்தபடி மலர்க்கொடி நின்றிருந்தார்.

"என்ன சார், மனு எழுதியாச்சுங்களா?"

"அது... இனிமே தேவையில்லம்மா."

"அப்ப எங்க டைகர் மேல போட்ட பழியத் திருப்பி வாங்க எந்த ஆபீசுக்குப் போவணும்? எல்லாம் தெரிஞ்சவராச்சே, நீங்களே சொல்லுங்க."

நியாயமான கேள்வி. வீட்டுக்குள் போய் மேலிடத்தில் விசாரித்தேன். மலர்க்கொடி வீட்டு வாசலிலேயே முடிகிற வேலையாம். ஆனால் நேரில் ஆஜராக வேண்டும், வாயைத் திறந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் — மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள். மேல்முறையீட்டுக்கும் வழியில்லை!