உப்பு வண்டிக்குச் சொல்லாத சேதி

முத்துவீரன் அண்ணன் வருடத்தில் எட்டு மாதம் குஜராத்தில் இருப்பார், நாலு மாதம் அமராவதிபுதூரில் இருப்பார். எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. தீபாவளி முடிந்த மூன்றாம் நாள் பையைத் தூக்கினால் ஆனியில்தான் திரும்புவார். காந்திதாம் பக்கம் உப்பளத்திலிருந்து துறைமுகத்துக்கு உப்பு ஏற்றிப் போகும் லாரிக்கு டிரைவர். மழை விழுந்தால் உப்பு வேலை நின்றுவிடும், அண்ணனும் ஊர் வந்து சேர்வார்.

அதற்கு முன்னால் பதினைந்து வருடம் காரைக்குடியிலேயே ஒரு முதலாளியிடம் லாரி ஓட்டினார். முதலாளியின் மகன் வண்டியை விற்றுவிட்டு வெளிநாடு போய்விட்டான். வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தவரை, குஜராத்தில் உப்பு லாரி ஓட்டிக்கொண்டிருந்த மானகிரி கதிரவன்தான் கூட்டிப் போனான். "அங்குட்டு வாங்கண்ணே, எட்டு மாசம் கஷ்டம், நாலு மாசம் ராஜா" என்றானாம். என்ன ராஜாவோ! முதல் வருடம் திரும்பி வந்தபோது கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. வெயிலில் உப்பு அப்படிக் கூசுமாம். குதிகால் வெடித்து, செருப்புப் போட முடியாமல் நொண்டினார்.

"அந்த ஊரு எப்பிடிண்ணே இருக்கு?" என்று கேட்டேன்.

"ஊரை யாரு பாத்தா தாமர? உப்பைத்தான் பாத்தேன்."

என் பெயர் செந்தாமரை. அவர் சுருக்கித் தாமர என்பார்.

இரண்டாவது வருடம்தான் அந்த விபத்து நடந்தது. கதிரவன் லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும்போது ஊரிலிருந்து தங்கை போன் போட்டு, அப்பா செத்துப்போய்விட்டார் என்று ஓவென்று அழுதிருக்கிறாள். இவனும் அழுதுகொண்டே ஓட்டியிருக்கிறான். உப்பளத்து வரப்புச் சாலையில் வண்டி சரிந்து வாய்க்காலுக்குள் போய்விட்டது. ஒரு காலை எடுத்துவிட்டார்கள். அவனைத் தூக்கி வெளியே போட்டதே முத்துவீரன் அண்ணன்தான்.

அந்த ஆனியில் ஊருக்கு வந்தவர், பையைக்கூட இறக்கவில்லை. சாமி படத்துக்கு முன்னால் சூடத்தைக் கொளுத்தி வைத்து மீனம்மாள் மதினியைக் கூப்பிட்டார்.

"நான் வண்டி ஓட்டுற எடத்துக்கு ஒரு கெட்ட சேதி வரக் கூடாது. நான் ஊருக்கு வந்து, குளிச்சு, சாப்புட்டப்புறம் எதுன்னாலும் சொல்லு. மீறிச் சொன்னா அந்த வண்டியோட நான் போயிட்டேன்னு வச்சுக்க."

மதினி அந்தச் சூடத்தை அடித்து அணைத்துச் சத்தியம் பண்ணினார். நானும் பக்கத்தில்தான் நின்றேன். நல்ல ஏற்பாடு என்றுகூட நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அதற்கப்புறம் ஒவ்வொரு ஆனியிலும் அந்த வீட்டில் அதே கதைதான். அண்ணன் குளித்துச் சாப்பிட்டுக் கை கழுவி வந்து உட்காருவார். மதினி எதிரே உட்கார்ந்து எட்டு மாதத்துக் கெட்ட சேதியையும் வரிசையாகச் சொல்லுவார். ஆடு செத்தது, கூரை ஒழுகியது, மகள் தேவிகாவுக்கு டெங்கு வந்து தேறியது, அண்ணனின் தாய்மாமா தவறிப்போனது. தாய்மாமாவுக்கு ஆறு மாதம் கழித்து அவர் ஒற்றையாளாக அழுததைப் பார்த்தேன். ஊரே அழுது முடித்து, மறந்தும் போயிருந்தது. கூட அழ ஆளில்லை.

போன தை மாதம் மதினிக்கு மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. என்னிடம்தான் முதலில் காட்டினார். பதறிப்போய் மதுரைக்குக் கூட்டிப் போனேன். பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர், புற்றுநோய்தான், ஆரம்பத்தில் இருக்கிறது, உடனே ஆபரேஷன் செய்தால் காப்பாற்றிவிடலாம், வீட்டுக்காரரை வரச் சொல்லுங்கள் என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் மதினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "ஆனிக்கு வந்துருவாக. அப்பப் பாத்துக்குவோம்" என்றார்.

"என்ன மதினி சொல்றீக? அஞ்சு மாசம் இருக்கு! நான் போன் போட்டுச் சொல்றேன்."

"சொல்லு. அவுகளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, நீதான் எனக்குப் பதில் சொல்லணும். சூடம் அடிச்சிருக்கேன் தாமர. கதிரவன் கால நெனச்சுப் பாரு."

"அப்ப நாம ரெண்டு பேருமே போயி ஆபரேஷனப் பண்ணிக்கிட்டு வந்துருவோம்."

"ஒரு நா போன எடுக்கலைன்னாலும் அவுகளுக்குத் தெரிஞ்சு போயிரும். வண்டியில இருக்கவருக்கு மனசு அலையக் கூடாது."

தேவிகா திருச்சியில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். தெரிந்தால் அடுத்த நிமிடமே அப்பாவிடம் சொல்லிவிடுவாள் என்று அவளுக்கும் சொல்லவில்லை. அந்த மனுஷி சத்தியத்தைக் காப்பாற்றினார். நான் வாயைக் காப்பாற்றினேன்.

அண்ணன் தினமும் காலை ஆறு மணிக்கு, வண்டி எடுக்கும் முன்னால் போன் பண்ணுவார். மதினி எப்போதும் ஒரே வார்த்தைதான் சொல்லுவார்: "ஒண்ணுமில்ல. எல்லாம் நல்லா இருக்கோம்." பங்குனியில் ஒரு நாள் நான் அங்கே நின்றபோது, போனை என்னிடம் கொடுக்கச் சொன்னார்.

"தாமர, ஒங்க மதினி கொரல் ஒரு மாதிரி இருக்கே. மேலுக்கு ஏதும் முடியலையா?"

வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. மதினி இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு என் முன்னால் நின்றார். அந்தப் பக்கம் லாரி உறுமுகிற சத்தம் வேறு கேட்டது.

"சளிதாண்ணே" என்று சொன்னேன். பாவி, சொன்னேன்.

ஆனி பிறந்து நாலாம் நாள் அண்ணன் வந்தார். குளித்தார், சாப்பிட்டார். நானும் அங்கே போய் நின்றேன். மதினி வழக்கம்போல ஆரம்பித்தார். தென்னையில் இடி விழுந்தது, பால்கார சொக்கு செத்துப்போனது, தேவிகா ஒரு பேப்பரில் பெயிலானது. அதே குரலில், "அப்பறம் எனக்கு மார்ல ஒரு கட்டி" என்றார்.

"எப்பருந்து?"

"தைலருந்து."

அண்ணன் சுவரில் மண்டையை முட்டிக்கொண்டார். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா புள்ள?"

"நீங்கதான சூடத்தக் கொளுத்துனீக" என்றார் மதினி. குத்திக்காட்டவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

மறுநாளே மதுரை. பரிசோதனை எல்லாம் முடிந்து நாலு நாள் கழித்து டாக்டர் அண்ணனை உள்ளே கூப்பிட்டார். துணைக்கு நானும் போனேன். மதினி வெளியே பெஞ்சில் இருந்தார். நுரையீரலுக்கும் எலும்புக்கும் பரவிவிட்டது, இனி ஆபரேஷன் உதவாது, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். தையிலேயே ஏன் வரவில்லை என்று கேட்டார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

வெளியே வந்ததும் அண்ணன் குழாயடியில் முகத்தை மூன்று தரம் கழுவினார். வேட்டியைச் சரி செய்துகொண்டு மதினிக்கு முன்னால் போய் நின்றார்.

"டாக்டரு என்ன சொன்னாரு?"

"ஒண்ணுமில்ல. எல்லாம் நல்லா இருக்குன்னாரு."

ஐந்து வருடமாகத் தான் சொல்லி வந்த பொய்யை மதினிக்குத் தெரியாதா? அண்ணனை நிமிர்ந்து பார்த்தார். அவர் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"நான் என்ன வண்டியா ஓட்டிக்கிட்டு இருக்கேன்?" என்றார். "சொல்லுங்க."