எண்ணிக்கைக் கூலியும் ஒல்லித் தார்களும்

நெசவுப் பயிற்சி முடித்து, சங்கரன்கோவிலில் ஒரு நெசவாளர் சொசைட்டியில் நான் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. தறிக்கூடத்துக்கு வேண்டிய தாரைப் பெண்கள் தங்கள் வீட்டிலேயே சுற்றிக் கொடுத்தார்கள். தறியில் இங்குமங்கும் ஓடும் நாடா என்ற மரக்கட்டைக்குள் ஒரு சிறு குச்சி இருக்கும். அதில் சுற்றிய, துணியின் குறுக்கே ஓடும் ஊடை நூல்தான் தார். அதுவரை அவர்களுக்கு மாதக் கூலி. தார் வரத் தாமதமானதால், பயிற்சிப் பள்ளியின் பொருளாதாரப் பாடத்தை நம்பி, எண்ணிக்கைக்குக் கூலி என்று விதியை மாற்றியவள் நான்தான்.

மறு வாரமே கூடை கூடையாகத் தார் வந்தது. மூன்றாம் வாரம் நெசவாளர்கள் சண்டைக்கு வந்தார்கள். ஒரு சாண் நெய்வதற்குள் தார் தீர்ந்துவிடுகிறதாம். தறியை நிறுத்தித் தார் மாற்றியே பொழுது போகிறதாம். சொசைட்டித் தலைவர் கூடைகளைப் பார்த்தார். அதிகம் கொண்டுவந்தவள் ஒரு தறிக்காரரின் மனைவி. அவளுக்கு இனி நூல் கொடுக்க வேண்டாம் என்றார். நான் ஒரு நாள் அவகாசம் கேட்டேன்.

நோட்டில் காரணங்களை எழுதினேன். ஒன்று, ராட்டையின் கதிர் வளைந்திருக்கலாம். இரண்டு, நூல் நைந்திருக்கலாம். மூன்று, குச்சி தேய்ந்திருக்கலாம். அவள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் மூன்றும் இல்லை. ராட்டைக்கு இரு பக்கமும் இரண்டு கூடைகள் இருந்தன. ஒன்றில் எங்களுக்கான ஒல்லித் தார்கள். மற்றதில், வீட்டிலேயே அவள் கணவர் நெய்யும் தறிக்கான தார்கள், கொழுகொழுவென்று. ஒரே கை, ஒரே ராட்டை.

ஏன் இப்படி என்று கேட்டேன். அவள் எதையும் மறைக்கவில்லை.

"நீங்க எண்ணித்தானம்மா கூலி குடுக்கிய. எண்ணிக்கை கேட்டிய, எண்ணிக்கை தாரேன். அவிய தறி நின்னா எங்க வீட்டு அடுப்புல்லா நிக்கும்."

தனக்கு நூல் நிற்கப்போகும் செய்தி அவளுக்கு எட்டியிருந்தது. வீட்டில் மூன்று பிள்ளைகள் என்று மட்டும், ராட்டையை நிறுத்தாமலே சொன்னாள்.

எடை போட்டுக் கூலி கொடுத்தால் சரியாகுமா என்று கேட்டேன். சிரித்துவிட்டாள்.

"தாரை நனைச்சுத்தானே தறில போடுதோம். தண்ணிக்குமா கூலி குடுப்பிய?"

அவளே ஒரு வழியும் சொன்னாள். நூலைச் சிட்டம் சிட்டமாகத்தானே கொடுக்கிறோம், சிட்டத்துக்குக் கூலி வைத்தால் என்ன? சிட்டம் என்பது அளந்து கட்டிய நூல்கட்டு, அதன் நீளம் மாறாது. எட்டுத் தாராகச் சுற்றினாலும் பதினாறாகச் சுற்றினாலும் கூலி ஒன்றுதான்.

மறுநாள் அவள் கூடையோடு வாசலில் நிற்க, தப்பு விதியில் இருக்கிறது, விதி என்னுடையது, இனி சிட்டத்துக்குக் கூலி வைப்போம் என்று தலைவரிடம் சொன்னேன்.

"அப்ப ஒங்களுக்கா நூலை நிறுத்தணும்?" என்றார். தறிகளில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒரு வாரம் பார்க்கலாம் என்று அவளுக்கு நாலு சிட்டம் கொடுக்கச் சொன்னார்.

அவள் வாங்கிக்கொண்டு போனதும், புது விதியில் என்னென்ன கோளாறு வரும் என்று எழுத உட்கார்ந்தேன். ஒன்று, சீக்கிரம் முடிப்பதற்காகத் தாரை நாடாவுக்குள் நுழையாத பருமனுக்குச் சுற்றலாம். இரண்டு, அறுந்த இடத்தில் முடிச்சுப் போடாமல் விடலாம். மூன்று என்று எண் போட்டதும் பேனா நின்றுவிட்டது. நோட்டை எடுத்துக்கொண்டு, அவள் தெருமுனை திரும்புமுன் பிடித்து, மூன்றாவதை அவளிடமே கேட்டுவிட வேண்டும் என்று வேகமாக நடந்தேன்.